அந்த ராத்திரிக்கு யார் பொறுப்பு?

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். "சொல்லி என்னத்தா ஆகப்போகுது, விட்டுத் தொலை" என்றார்கள் என் மாமியார். விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது பக்கத்துத் தெருப் பையன் குவைத்துக்குக் கிளம்புகிறான். அவன் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதுரையில ஏத்திவிட்டா சூதானமாப் போயிருவான்ல மதினி?" என்று கேட்டபோது எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. என்ன சொல்வேன் அவளிடம்? போய்விடுவான் என்று எந்த வாயால் சொல்வேன்?

நாங்கள் நரிக்குடிப் பக்கம். வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் மிளகாய், பருத்தி. அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி அள்ள வேண்டியதுதான். அந்தப் புகைக்குள் பிள்ளைகளை வளர்க்கக் கூடாது என்றுதான் எங்கள் ஆம்பளைகள் கடல் தாண்டிப் போகிறார்கள். திருச்சுழி, வீரசோழன், காரியாபட்டி, அந்தப் பக்கம் கமுதி, பரமக்குடி, மானாமதுரை, எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் சவுதி, கத்தார், குவைத், துபாய் என்று ஏதாவது ஒரு பெயர் சொல்வார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் அவரும் சேர்ந்து கும்பிட்ட பொங்கலை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கெல்லாம் நான் அழுததில்லை. அது நாங்களாகத் தேர்ந்துகொண்ட கஷ்டம். நான் அழுவது வேறொன்றுக்கு.

2023 ஆடி மாசம். லீவு முடிந்து என் வீட்டுக்காரர் தம்மாமுக்குத் திரும்ப வேண்டும். மதுரையிலிருந்து சவுதிக்கு நேரடி விமானம் கிடையாது. சாயங்காலம் மதுரையில் ஏறிச் சென்னை போய், அங்கே விடிகாலை மூன்று மணிக்கு மேல் கிளம்புகிற விமானத்தைப் பிடிக்க வேண்டும். டிராவல்ஸ்காரர் அப்படித்தான் இரண்டு டிக்கெட்டாகப் போட்டுக் கொடுத்தார். சவுதியில் வேலை பார்க்கிறவர்கள் ஊருக்கு வந்தால் ரீ-என்ட்ரி என்று ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி முடிவதற்குள் திரும்பி உள்ளே போய்விட வேண்டும். அப்போதிருந்த விதிப்படி, தேதி தப்பினால் மூன்று வருஷத்துக்கு அந்த நாட்டுக்குள் வேறு வேலைக்குப் போகவே முடியாது. மறுநாள் ராத்திரி பன்னிரண்டு மணியோடு அவருடைய தேதி முடிகிறது. காலையிலேயே தம்மாமில் இறங்கிவிடுவார் என்பதால் எங்களுக்குப் பயமில்லை. பகல் முழுக்கக் கையில் இருந்ததே!

பெருங்குடியில் விமான நிலைய வாசலில் எல்லோரும் இறங்கினோம். டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. அவர் மட்டும் போனார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. இந்த உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் அனுமதியாம். தம்மாம் விமானத்தில் 30 கிலோ. ஒரே பெட்டிதான், ஒரே ஆள்தான், ஆனால் மதுரையில் 15 கிலோ. கூடுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கட்டு என்கிறார்கள். கயிறு போட்டுக் கட்டி, மூலையில் பெயர் எழுதிய அந்த அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்து எல்லோர் முன்னாலும் பிரித்திருக்கிறார் மனுஷன். அத்தை வெயிலில் காயவைத்துக் காம்பு கிள்ளிக் கொடுத்த முண்டு வத்தல், கருவாட்டுத் தொக்கு, கூட வேலை பார்க்கும் ராமநாதபுரத்துப் பையனுக்கு அவன் அம்மா கொடுத்துவிட்ட அதிரசம். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துணிப்பையில் போட்டுக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் என்னிடம் நீட்டினார். காவலுக்கு நின்றவர் இந்தியில் ஏதோ அதட்டினார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்தவன் பிள்ளைக்கு அவன் ஆத்தா கொடுத்த அதிரசத்தைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லையே என்று அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

இது சின்ன விஷயம் என்பீர்கள். சரி, சின்ன விஷயம்தான்.

இருட்டிய பிறகு நாங்கள் வண்டியில் ஊருக்குத் திரும்பினோம். காரியாபட்டி தாண்டவில்லை, மறுபடி போன். விமானம் தாமதம். பிறகு இன்னும் தாமதம். உள்ளே உட்கார இடமில்லை, இன்னொரு விமானமும் தாமதமாகி இரண்டு விமானத்துக் கூட்டமும் ஒரே கூடத்தில் நிற்கிறது, தரையில் துண்டை விரித்துக் கிடக்கிறார்கள், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பாலுக்கு வெந்நீர் கேட்டு அலைகிறாள் என்றார். 2010 செப்டம்பரில் திறந்த கட்டடம் அது. ஒரே நேரத்தில் 250 பேர் புறப்படவும் 250 பேர் வந்திறங்கவும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. ஒரு ஏர்பஸ் விமானத்திலேயே 180 பேர் போகிறார்கள். இரண்டு விமானம் சேர்ந்தாற்போல் தாமதமானால் அந்தக் கூடம் என்ன ஆகும் என்று கட்டியவர்களுக்குத் தெரியாதா? தென் மாவட்டங்கள் அத்தனைக்கும் இதுதான் வாசல் என்று மேடைக்கு மேடை பேசியவர்களுக்குத் தெரியாதா?

கடைசியாக வந்த போனை நான் மறக்க மாட்டேன். "கேன்சலாம்" என்றார். அவ்வளவுதான். குரல் வரவில்லை அவருக்கு. என்ன காரணமாம் என்று கேட்டேன். ஏதோ இயக்கக் காரணமாம். இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். கவுண்டரில் நின்ற பிள்ளை, நாளைக் காலை விமானத்தில் இடம் இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் பணம் திரும்ப வரும் என்றாளாம். இன்று ராத்திரிக்குள் சென்னை போக வழியே இல்லையா என்று இவர் கெஞ்சியிருக்கிறார். இல்லை. ஏனென்றால் அப்போது மதுரை விமான நிலையத்துக்கு ராத்திரி கிடையாது. அந்தி சாய்ந்து நாலு விமானம் போய்விட்டால் கடையைச் சாத்திவிடுவார்கள். இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும் என்று எத்தனை தரம் சொன்னார்கள்! ஒவ்வொரு தரமும் ஆள் பற்றாக்குறை என்று தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் அது நடந்தது. எங்களுக்கு விடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வண்டியைத் திருப்பினோம். பெருங்குடி வாசலில் பெட்டியோடு நின்றவரை ஏற்றிக்கொண்டு அப்படியே சென்னைக்கு ஓட்டச் சொன்னோம். மதுரையிலிருந்து சென்னை 450 கிலோமீட்டருக்கு மேல். எப்படி விரட்டினாலும் எட்டு மணி நேரம். மூன்று மணி விமானம் போய்விடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போனோம். சும்மா இருக்க மனசு கேட்குமா? வழியெல்லாம் அவர் போனைப் போட்டு யார் யாரையோ கேட்டுக்கொண்டே வந்தார். கபிலுக்கு, அதாவது சவுதி முதலாளிக்கு, அடித்தார். ஆன்லைனில் தேதியை நீட்டிக்கொடுங்கள் முதலாளி என்று தெரிந்த அரபியில் மன்றாடினார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். சென்னையில் விடிந்த பிறகு கிடைத்த வேறொரு விமானம், இன்னொரு ஊரில் மாறி, நள்ளிரவு தாண்டித்தான் தம்மாமில் இறங்கும். இறங்கும்போது விசா செல்லாது, ஏற்ற முடியாது என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் போனது பத்துப் பன்னிரண்டு வருஷத்து வேலை.

போனது அது மட்டும்தானா? இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்குக் கடைசியில் கணக்குப் பார்த்து ஒரு தொகை கொடுப்பார்கள். லீவில் போய்த் திரும்பி வராதவன் என்று எழுதிவிட்டால் அதுவும் இல்லை. அங்கே ரூமில் கிடந்த துணிமணி, அவர் சம்பாதித்து வாங்கிய டூல்ஸ் பெட்டி, எல்லாம் அங்கேயே. 2024 ஜனவரியில் அந்த மூன்று வருஷத் தடையைச் சவுதி எடுத்துவிட்டது என்று என் மகள் செல்போனில் படித்துக் காட்டினாள். அதற்குள் கபில் வேறு ஆள் போட்டாயிற்று.

இனி நான் கேட்கிறேன். யார் பொறுப்பு?

விமானக் கம்பெனியைக் கேட்டோம். சென்னை டிக்கெட் வேறு, தம்மாம் டிக்கெட் வேறு, எங்கள் டிக்கெட்டுக்குப் பணம் திருப்பிவிட்டோம், அத்தோடு முடிந்தது என்றார்கள். விமான நிலையத்தில் கேட்டோம். அது கம்பெனி விவகாரம் என்றார்கள். டிராவல்ஸில் கேட்டோம். விமானம் ரத்தானால் நான் என்ன செய்ய முடியும் என்றார். ஆக, யாருமே பொறுப்பில்லை. ஒரு குடும்பம் நடுரோட்டில் நிற்கிறது, அதற்கு இந்த நாட்டில் ஒருத்தரும் பொறுப்பில்லை. இது நியாயமா?

சொல்லாமல் ரத்து செய்தால் நஷ்டஈடு தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறதாம். ஒரு மணி நேரத்துக்குள் பறக்கிற தூரமென்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் 7,500, அதற்கு மேல் 10,000. இல்லையென்றால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும். இரண்டில் எது குறைவோ அதுதான். கம்பெனியின் கையை மீறிய காரணம் என்று சொல்லிவிட்டால் அதுவும் கிடையாது. இதைக்கூட அன்று அந்தக் கூடத்தில் நின்ற ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை. நாங்களாகப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. எது குறைவோ அது! என் வீட்டுக்காரர் இழந்ததை எந்தத் தராசில் வைத்து எது குறைவு என்று பார்ப்பீர்கள்?

இன்னொன்றும் கேட்கிறார்கள், எங்கள் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். ஒருநாள் முன்னாடியே பஸ்ஸில் சென்னை போயிருக்கலாமே? திருச்சியில் ஏறியிருக்கலாமே? இதைக் கேட்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். அப்படியென்றால் மதுரையில் எதற்கு விமான நிலையம்? எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற விமான நிலையத்தை நம்பினது எங்கள் குற்றமா? காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவன், சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து வரிசையில் நின்றவன், அவனையா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்கள்?

மதுரையிலிருந்து வெளிநாட்டுக்கு முதல் விமானம் 2012 செப்டம்பரில் கொழும்புக்குப் போனது. அதற்கு அடுத்த மாசம் திருச்சி, கோயம்புத்தூர், மங்களூர், லக்னோ, வாரணாசி ஐந்தையும் சர்வதேச விமான நிலையம் என்று மத்திய அமைச்சரவை அறிவித்தது. மதுரையைச் சேர்க்கவில்லை. சுங்க விமான நிலையம் என்ற பெயரோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு துபாய் வந்தது, சிங்கப்பூர் வந்தது, 2025 ஜூனில் அபுதாபி வந்தது. இந்த மூன்றும் இந்தியக் கம்பெனி விமானங்கள். அமீரகம், மலேசியா, சிங்கப்பூர் நாட்டு விமானங்கள் மதுரைக்கு வர நினைத்தாலும் வர முடியாது. ஏனென்றால் இந்தியா அந்த நாடுகளோடு போட்ட ஒப்பந்தத்தில் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் மதுரை என்ற பெயர் இல்லை. ஒரு ஊரின் பெயரை ஒரு தாளில் எழுதுவதற்கு இத்தனை வருஷமா? அந்தப் பெயரை எழுதி, சவுதிக்கும் குவைத்துக்கும் நேராகப் போகிற வழி திறந்திருந்தால், என் வீட்டுக்காரர் சென்னைக்குப் போகும் அந்தச் சின்ன விமானத்தை நம்பி வாழ்க்கையை ஒப்படைத்திருக்க வேண்டியதே இல்லை.

முடியாது என்கிறார்களா? முடியும். 2020 ஜூனில் குஷிநகர் விமான நிலையத்தைச் சர்வதேசம் என்று அறிவித்தார்கள். அது திறந்ததே 2021 அக்டோபரில்தான். அயோத்தி விமான நிலையத்தை 2023 டிசம்பர் 30-இல் திறந்தார்கள், ஒரு வாரத்துக்குள் 2024 ஜனவரி 5-ஆம் தேதி சர்வதேச அந்தஸ்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். கும்பிடப் போகிறவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குக் கோபமில்லை, அவர்கள் நன்றாகப் போய்வரட்டும். ஆனால் 2024 பிப்ரவரி கடைசியில் குஜராத்தில் ஜாம்நகர் விமான நிலையத்துக்கு என்ன நடந்தது? நாட்டின் பெரும் பணக்காரர் வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்துக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் இறங்குவதற்காகப் பத்து நாளுக்கு அதைச் சர்வதேச விமான நிலையமாக்கினார்கள். குடியுரிமைச் சோதனை, சுங்கம், சுகாதாரம், எல்லா அதிகாரிகளும் அங்கே போய் நின்றார்கள். அப்போது மட்டும் ஆள் பற்றாக்குறை வரவில்லையே? ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு முடிந்தது, வெயிலில் கம்பி கட்டி இந்த நாட்டுக்குப் பணம் அனுப்புகிற இத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு ஏன் முடியவில்லை? நாங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

ஓடுதளம் நீளம் போதாது என்கிறார்கள். 7,500 அடி இருப்பதை 12,500 அடியாக்க வேண்டும், அதற்குச் சுமார் 633 ஏக்கர் நிலம் எடுக்க வேண்டும் என்று பேசிப் பேசியே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. இந்த இடத்தில் என் மனசு இரண்டுபட்டு நிற்கிறது. 2024 நவம்பரில் விமான நிலையத்தை ஒட்டிய சின்ன உடைப்புக் கிராமத்துக்கு நிலத்தைக் கையகப்படுத்த அதிகாரிகள் போனார்கள். மாற்று இடமும் வீடும் கொடுக்காமல் எங்களை எழுப்பாதீர்கள் என்று அந்த ஜனங்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். டிவியில் பார்த்தேன். வயசான பொம்பளைகள் தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டு கதறினார்கள். அந்தக் கதறல் எனக்குப் புதுசில்லை. என் பெயரைச் சொல்லி, வெளிநாடு போகிற ஏழைக்காகத்தான் என்று சொல்லி, அவர்களைத் தெருவில் விடாதீர்கள். அவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு நிலத்தைக் கேளுங்கள். அதோடு, இந்த 7,500 அடி ஓடுதளத்திலிருந்துதான் துபாய்க்கும் அபுதாபிக்கும் விமானம் ஏறியிருக்கிறது. பட்டியலில் பெயர் சேர்க்க ஓடுதளம் நீள வேண்டியதில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பி எங்களையும் அவர்களையும் மோதவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது என்ன நிலைமை என்று சொல்லிவிடுகிறேன். லீவுச் செலவுக்கும் அத்தையின் கண் ஆபரேஷனுக்கும் அடகு வைத்த நகை, திரும்பிப் போய்ச் சம்பளம் வந்ததும் மீட்கலாம் என்று வைத்தது. ஏலத்தில் போய்விட்டது. அவர் கொஞ்ச நாள் திருப்பூரில் இருந்தார். இப்போது ஊரில் கரிமூட்டத்துக்குக் கட்டை வெட்டப் போகிறார். எந்தப் புகைக்குப் பயந்து கடல் தாண்டினாரோ அந்தப் புகையில். என் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் சேர வேண்டும் என்று மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். விடிகாலை நாலரை மணிக்கு மில் வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடுவாள். சாயங்காலம் வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். "அம்மா, அழாத, அடுத்த வருஷம் சேர்ந்துக்கிறேன்" என்று அவள்தான் எனக்குச் சொல்கிறாள். இதை அந்தக் கம்பெனியில் யாராவது வந்து பார்ப்பார்களா? அந்த ராத்திரி விமானத்தை ரத்து செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டவர் யாரோ, அவருக்கு ஒரு மகள் இருந்தால், அவளும் இந்நேரம் பிளஸ் டூ முடித்திருந்தால், அவளை நாலரை மணிக்கு வேனில் ஏற்றிவிடுவாரா?

விமானக் கம்பெனிக்காரர்களே, ஒரு விமானம் ரத்தானால் உங்களுக்கு அது ஒரு நாள் கணக்கு. அதில் பெட்டியோடு நிற்கிறவனுக்கு விசாவில் ஒரு தேதி இருக்கிறது, அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று உங்களுக்கு ஏன் தெரிவதில்லை? டிக்கெட் கொடுக்கும்போது இவன் எங்கே போகிறான் என்று கேட்கிறீர்கள், கவுண்டரில் பெட்டியை நிறுக்கும்போது கேட்கிறீர்கள், கைவிடும்போது மட்டும் கேட்க மாட்டீர்களா? சாயங்கால விமானம் போகாது என்றால் அந்த ராத்திரியே ஏதாவது ஒரு வழியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி எழுத உங்களை யார் தடுக்கிறார்கள்?

எங்கள் ஓட்டை வாங்கிக்கொண்டு டெல்லிக்குப் போனவர்களே, மதுரை, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, தேனி என்று ஐந்து தொகுதியிலிருந்து அந்த விமான நிலையத்தின் வழியாகத்தான் நீங்களும் போய்வருகிறீர்கள். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில் போய் உட்காருங்கள். ஒப்பந்தப் பட்டியலில் மதுரையைச் சேர்க்கும்வரை எழுந்திருக்காதீர்கள். வளைகுடாவுக்கு மாறிப்போகிற பயணியை நடுவழியில் கைவிட்டால் முழு நஷ்டத்துக்கும் கம்பெனிதான் பொறுப்பு என்று சட்டம் கேளுங்கள். அந்தக் கூடத்தில் தமிழில் அறிவிப்பும், உட்கார நாற்காலியும், பிள்ளைக்கு வெந்நீரும் கேளுங்கள். எங்களுக்குப் போனது போய்விட்டது, அது திரும்ப வராது. பக்கத்துத் தெருப் பையனுக்கு டிக்கெட் போட்டாயிற்று. மதுரையில் ஏறிச் சென்னையில் மாறித்தான் அவனும் குவைத் போகிறான். அவனையாவது கொண்டுபோய்ச் சேருங்கள்.